கடலிலே ஒரு கேள்வி

சென்ற வாரத்தில் ஒருநாள் மாலை, கண்டி வாவிக் கரையிலே உலாவிக்கொண்டிருந்தேன். தலதா மாளிகையின் மேளவொலி எழுந்து நீர்மேற் பரந்து, எதிர்க்கரைக் குன்றிலே பட்டு மீண்டது. "ஐயா" என்று பின்னே ஒரு குரல் கேட்டுத் திரும்பினேன். இருபது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் நன்னூல் பயின்ற மாணவர் ஒருவர் நின்றார். இலக்கணத்தை அவர் நெடுங்காலம் போற்றவில்லை. இன்று திருகோணமலையில் இரண்டு உல்லாசப் படகுகளுக்கு உரிமையாளர். விருந்தினரைக் கடலுலாவுக்கு அழைத்துச் செல்வது அவர் தொழில்.

நலம் விசாரித்த பின்னர் அவர் கூறினார்: "ஐயா, என் படகுகளிலே ஓர் அறிவித்தல் எழுதி வைக்க வேண்டும். நல்ல தமிழில் இரண்டு வரி எழுதித் தாருங்கள்."

"எதைப் பற்றித் தம்பி?"

"படகில் உள்ள வானொலியைப் பற்றி ஐயா. அது எந்நேரமும் கரகரத்துக்கொண்டிருக்கிறது. வருகின்றவர்கள் அமைதியை நாடி வருகிறார்கள். அதை நிறுத்தச் சொல்லுகிறார்கள். படகோட்டிகளும் முகத்துக்கு அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தலாமா, கூடாதா? கூடாதென்றால் ஏன் கூடாது என்பது படிப்பவர்க்கு விளங்க வேண்டும்."

கடலோடிகளை நாடிக் கேட்க வேண்டிய வினாவை இலக்கண ஆசிரியன் ஒருவனிடம் கேட்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை அவரும் அறிவார், யானும் அறிவேன். வாசகர்களுக்குப் பின்னர்க் கூறுவேன். இரண்டு வரி எழுத உட்கார்ந்தவன் இவ்வளவு நீண்ட கட்டுரை எழுத நேர்ந்ததும் அக்காரணத்தாலேயே ஆகும்.

கண்டியும் கடலும்

மலைநாட்டிலே கீழைத்தேய மொழிக் கல்லூரியிற் பாடஞ் சொல்லும் ஒருவன் கடலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் நகைக்கலாம். ஆயினும், கடலிற் போனவன் செய்தியனுப்ப வழியின்றி அகப்பட்டால் என்ன நேரும் என்பதைக் கண்டியைப்போல அறிந்த ஊர் வேறில்லை. 1659-ஆம் ஆண்டில் வங்கக் கடலிலே புயலில் அகப்பட்டுப் பாய்மரம் இழந்தது 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல். மரம் நாட்டிச் செப்பனிடும் பொருட்டு அது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவை அடைந்தது. கப்பல் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், வேறு பலரும் அங்கே கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இம்மலைகளுக்கிடையே வாழ்ந்து, 1679-இல் தப்பி, 1681-இல் இலங்கையைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அந்நூலை நாம் வரலாற்று மூலமாகப் போற்றுகின்றோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஊர் திரும்ப இயலாதிருந்த மனிதனின் நூல் அது என்பதை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

இன்று நிலைமை வேறு. கையகலக் கருவி ஒன்று கடலிலே நிற்பவனுக்கு வாயையும் செவியையும் அளித்துள்ளது. வாயை வேண்டாமென்பவர் எவருமில்லை. செவியை மட்டுமே வேண்டாமென்கின்றனர். வழக்கு இவ்வளவே.

பல செவிகளுக்கு ஒரு வாய்

கடல்வானொலி என்பது பாட்டும் செய்தியும் கேட்கும் வானொலி அன்று. பேசவும் கேட்கவும் வல்ல கருவி அது. பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும். கேட்கும்போது விட வேண்டும். அதிலே பல அலைவரிசைகள் உள்ளன. அவற்றுள் 16-ஆம் எண்ணுடையது உலகிலுள்ள எல்லாக் கடல்களுக்கும் பொதுவானது. 156.8 மெகாஹேர்ட்ஸ் என்பது அதன் அதிர்வெண். ஆபத்திலே கூப்பிடவும், பிற படகை முதலில் அழைக்கவும் அதுவே உரியது. அழைத்தவுடன் இருவரும் வேறோர் அலைவரிசைக்கு மாறித் தம் பேச்சைத் தொடர்தல் முறை. பொதுக் கிணற்றடியை ஒருவர் மறித்து நிற்றல் ஆகாது என்பதைப்போல அது.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்று கேட்பார் பலர். கரையை விட்டுச் சிறிது தொலைவு போனதும் தொலைபேசி ஊமையாகி விடுவதை ஒருபுறம் விடுவோம். தொலைபேசியிற் கூப்பிடுபவன் ஒருவனுடைய எண்ணை அறிந்து, அவன் ஒருவனையே கூப்பிடுகிறான். அவன் திருகோணமலைக் கடைத்தெருவிலோ கொழும்பிலோ இருக்கலாம். பக்கத்திலே, கண்ணுக்கெட்டிய தூரத்திலே செல்லும் படகுக்காரனுடைய எண்ணை எவர் அறிவார்? வானொலியோ பெயரறியாதவனையும் கூப்பிடும். அருகிலுள்ள படகு, அப்பாலுள்ள மீன்பிடி வள்ளம், துறைமுகம், கடற்படை ஆகிய அனைவர்க்கும் ஒரே குரல் ஒரே கணத்திற் கேட்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அவர்கள் தம் கருவியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கேட்பார் ஒருவரும் இல்லாதவிடத்து அக்கருவி வெறும் பெட்டியே.

இந்நாட்டு வானொலியின் பிறப்பே கடலோடு தொடர்புடையது என்பதை இளைஞர் பலர் அறியார். முதல் உலகப் போரிலே பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவியைக் கொண்டே, தந்திப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் கொழும்பிலே முதற் சோதனை ஒலிபரப்பை நடத்தினார் என்பர். அதன் பயனாக 1925 டிசம்பர் 16-இற் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. கப்பல்களை அழிக்கப் புறப்பட்ட கலத்தின் செவியும் வாயுமே நமக்குப் பாட்டும் பிரசங்கமும் தந்தன.

உறங்கிய செவி

வானொலியை நிறுத்துவதால் என்ன விளையும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று 1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவில் நிகழ்ந்தது. டைட்டானிக் என்னும் பெருங்கப்பல் அத்திலாந்திக் கடலைக் கடந்துகொண்டிருந்தது. அதே கடலில், கலிபோர்னியன் என்னும் சிறு கப்பல் பனிக்கட்டிகளாற் சூழப்பட்டு இயந்திரத்தை நிறுத்திக் காத்து நின்றது. அதிலே கம்பியில்லாத் தந்தி இயக்குபவர் ஒருவரே. இருபது வயதினரான அவர் பெயர் சிரில் எவன்ஸ். பனிக்கட்டி பற்றி அவர் டைட்டானிக்குக்குத் தெரிவிக்க முயன்றார். பயணிகளின் தனிப்பட்ட தந்திகளை அனுப்புவதில் மூழ்கியிருந்த டைட்டானிக் இயக்குபவர், இடையூறு செய்ய வேண்டாம், வாயை மூடு என்னும் கருத்துப்பட விடையளித்தார். எவன்ஸ் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, இரவு பதினொன்றரை மணியளவிற் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். நாள் முழுதும் உழைத்த ஒருவர் உறங்கச் சென்றது குற்றமன்று. இரவெல்லாம் கேட்டிருக்க வேண்டுமென்ற விதியும் அக்காலத்தில் இல்லை. 11.40-க்கு டைட்டானிக் பனிமலையில் மோதிற்று.

கலிபோர்னியன் எத்துணைத் தொலைவில் நின்றது என்பது பற்றி இன்றும் வழக்கு ஓயவில்லை. பத்து மைல் என்பாரும் உளர். இருபது மைல் என்பாரும் உளர். அதன் மேற்றளத்தில் நின்ற மாலுமிகள் வானிலே வெள்ளை வாணங்கள் எழுவதைக் கண்டார்கள். கண்டும் பொருள் அறிந்திலர். உறங்கிய இயக்குபவரை அந்நேரத்தில் எழுப்பியிருப்பின் ஒரு நொடியில் உண்மை வெளிப்பட்டிருக்கும். விடியும்வரை எவரும் எழுப்பவில்லை.

அவ்விரவிலே மற்றொரு கப்பலும் இருந்தது. ஏறத்தாழ 58 மைல் தொலைவிற் சென்ற கார்ப்பேதியா அது. அதன் இயக்குபவர் ஹறோல்ட் கொட்டம் என்பவரும் உறங்கப் போகும் வேளையிலேயே இருந்தார். ஆடையைக் களையும்போதும் செவிக்கருவியைக் கழற்றாதிருந்தார். அதனால் அழைப்பு அவர் செவியில் விழுந்தது. கார்ப்பேதியா விரைந்து, காலை நான்கு மணியளவில் அவ்விடத்தை அடைந்து, எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக் காத்தது. ஆயிரத்தைந்நூறு பேர் அளவில் அதற்குள் மாண்டுவிட்டனர். அருகில் நின்றவன் செவி மூடியிருந்தது. தொலைவில் நின்றவன் செவி திறந்திருந்தது. எழுநூறு உயிர் இருந்ததும் இவ்வேறுபாட்டாலேயே.

மூன்று நிமிட மௌனம்

இப்பெருந்துயரின் பின்னர், 1914 ஜனவரியில் லண்டனிற் பல நாடுகள் கூடிக் கடலில் உயிர்க்காப்புக்கான உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. பெருங்கப்பல்களிலே இடையறாது கேட்டிருத்தல் வேண்டும் என்னும் நெறி அதிலிருந்தே வளர்ந்தது. அதன் பின் வந்த ஒழுங்கு ஒன்றனை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. கப்பற் கம்பியில்லாத் தந்தி அறையின் கடிகார முகத்திலே சிவப்பு நிறமான சிறு பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒவ்வொரு மணியிலும் 15-ஆம் நிமிடத்திலிருந்து 18 வரையும், 45-ஆம் நிமிடத்திலிருந்து 48 வரையும் உலகக் கடல்களெங்கும் தந்திக்குரிய ஆபத்து அலைவரிசையிலே அனைவரும் பேச்சை நிறுத்துவர். எளிய குரல் ஒன்று கூப்பிடுகின்றதா என்று கேட்பதற்காக அந்த மௌனம். பேச்சொலிக்குரிய அலைவரிசைக்கு மணித் தொடக்கத்திலும் அரைமணியிலும் பச்சை நிறப் பிரிவுகள் இருந்தன.

பொன்னும் பொருளும் ஏற்றிச் செல்லும் ஆயிரக்கணக்கான கப்பல்கள், ஒருவரையொருவர் காணாதவராயினும், ஒரே நேரத்தில் வாயடங்கிச் செவி கொடுத்தன. மனிதர் கூடிச் செய்த ஒழுங்குகளுள் இதனினும் அழகிய ஒன்றை யான் அறியேன். 1999 பெப்ரவரி முதலாம் நாள் புதிய ஆபத்துத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கருவிகளே தாமாகக் கேட்டு மணியடிக்கும் காலம் பிறந்தமையால் அம்மௌனம் மறைந்தது. ஆயினும் சிறு படகுகளின் உலகில் இன்றும் மனிதச் செவியே பெருந்துணை.

வள்ளுவர் கல்வியை 40-ஆம் அதிகாரமாகவும், கல்லாமையை அடுத்ததாகவும், கேள்வியை 42-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். செவியாற் பெறும் செல்வம் என்பதே அங்கே கேள்வி. நாமோ இன்று வினாவையே கேள்வி என்கின்றோம். ஒரு சொல்லே இரண்டுக்கும் ஆனமை பொருத்தமே. ஆபத்திலுள்ளவன் கேட்பது ஒரு கேள்வி: "எவரேனும் இருக்கிறீர்களா?" அதற்கு விடை மற்றவன் கேள்வியில், அதாவது கேட்டிருத்தலில், உள்ளது.

கையசைத்த படகு

இவ்வாறெல்லாம் வகுப்பறையில் உரைத்தவன் செய்த செயலை இனிக் கூற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் விடுமுறையில், என் மகளையும் தமையனார் பிள்ளைகள் மூவரையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்குச் சென்றிருந்தேன். கோணேசர் மலையைக் கடலிலிருந்து காண வேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். முற்கூறிய மாணவர் அப்பொழுது தம் முதற் படகை வாங்கியிருந்தார். கூலி பெற மறுத்து, பிற்பகலில் எங்களைத் தாமே ஏற்றிச் சென்றார். இராவணன் வெட்டின் கீழே படகு மெல்ல அசைந்து நின்றது. செங்குத்தான பாறை, அதன் உச்சியிலே கோயில். பிள்ளைகளுக்குத் தல வரலாறு கூறிவிட்டு, சம்பந்தர் அருளிய கோணமலைப் பதிகத்தைப் பாடத் தொடங்கினேன்.

இரண்டாம் பாட்டிலே வானொலி கரகரத்தது. சிங்களத்தில் இருவர் வலையைப் பற்றிப் பேசினர். மூன்றாம் பாட்டில் மீண்டும் கரகரத்தது. எனக்குச் சினம் வந்தது. "தம்பி, அந்த இரைச்சலை நிறுத்தும்" என்றேன். அவர் ஒரு கணம் தயங்கினார். அத்தயக்கத்தை நான் கண்டேன், கண்டும் பொருட்படுத்தவில்லை. ஆசிரியர் சொல்லைத் தட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. கருவியை நிறுத்திவிட்டார். பதிகம் இனிதே முடிந்தது.

சிறிது நேரத்திற்குப் பின் வெளிக்கடற் பக்கமாக ஒரு சிறு படகு தெரிந்தது. அதிலிருந்த சிலர் எங்களை நோக்கிக் கையசைத்தார்கள்; ஒருவர் துணியொன்றையும் வீசினார். எங்கள் பிள்ளைகள் மகிழ்ந்து எழுந்து தாமும் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். பிறகு நாங்கள் துறைமுகத்தை நோக்கித் திரும்பினோம்.

ஆகஸ்டிலே அக்கடலிற் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். இயந்திரம் நின்றுவிட்ட படகை அது கரைக்குக் கொண்டுவராது. வெளியே தள்ளிக்கொண்டு போகும். அவர்கள் படகின் இயந்திரம் நின்று வெகுநேரமாகியிருந்தது. கையிலே வானொலி வைத்திருந்தார்கள். கண்முன்னே தெரிந்த எங்கள் படகை நிறத்தையும் அடையாளத்தையும் சொல்லி விடாது கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் செவியில் நான் பதிகம் அடைத்து வைத்திருந்தேன். அவ்வழைப்பை நெடுந்தொலைவிலிருந்த மீன்பிடி வள்ளமொன்று கேட்டு, தன் தொழிலை விட்டு வந்து, பொழுது மறைந்தபின் அவர்களை இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது.

நாங்கள் துறையருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்திறங்கினார்கள். ஒரு மூதாட்டி, அவர் மடியிலே துவாயாற் சுற்றிய சிறுவன், வாந்தியெடுத்துச் சோர்ந்த தாய், தகப்பன். எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. தகப்பன் எங்கள் படகை அடையாளங் கண்டு என் மாணவரிடம் வந்தார். ஏசுவாரென்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "அண்ணா, உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். நீங்களும் கை காட்டினீர்கள். வருவீர்கள் என்று நினைத்தோம்" என்று மாத்திரம் சொன்னார்.

என் மாணவர் தலைகுனிந்து நின்றார். ஆசிரியர்தாம் நிறுத்தச் சொன்னார் என்று அவர் கூறவில்லை. நானே கூறியிருக்க வேண்டும். வாய் எழவில்லை. கலிபோர்னியன் மாலுமிகள் வாணத்தைக் கண்டும் பொருள் அறியாது நின்றதை எத்தனையோ முறை வகுப்பிலே குறையாகச் சொன்னவன், அன்று துணி வீசக் கண்டு கையசைத்துவிட்டு வந்தேன். என் பிழையை அச்சிலே ஒப்புக்கொள்வது இதுவே முதன்முறை.

எதிர்வாதங்கள்

இனி, நிறுத்தலாம் என்பவர் கூறும் நியாயங்களையும் ஆராய்வோம்.

முதலாவது இரைச்சல். இது மெய்யான குறையே. ஆனால் மருந்தும் அக்கருவியிலேயே உண்டு. வெற்றுக் கரகரப்பை அடக்குவதற்கென ஒரு குமிழ் இருக்கிறது. கரகரப்பு மறையும் அளவுக்கு மட்டும் அதைத் திருப்பினாற் போதும். மிகத் திருப்பினால் மெலிந்த குரலும் அடங்கிவிடும். வீண்பேச்சு நிறைந்த அலைவரிசையை விட்டு 16-இல் வைத்து, ஒலியைப் படகோட்டிக்குக் கேட்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். விருந்தினரின் அமைதியும் கெடாது. அயலான் குரலும் கெடாது. அன்று நான் "நிறுத்தும்" என்னாது "குறையும்" என்றிருந்தாற் போதுமாயிருந்தது.

இரண்டாவது மின்கலம் தீர்ந்துவிடும் என்பது. பேசும்போதுதான் கருவி மின்னை மிகுதியாக உண்ணும். 25 வாற் வலுவிற் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் வேண்டும்; கேட்டிருக்கும்போது அதிற் சிறு பங்கே செலவாகும். இயந்திரம் ஓடும் படகுக்கு அது ஒரு பொருட்டன்று. கைக்கருவியாயின் புறப்படுமுன் நிரம்ப மின்னேற்றுக.

மூன்றாவது, சட்டம் இல்லாதபோது எதற்கு என்பது. அமெரிக்க நாட்டு ஒழுங்கு இங்கே சிந்திக்கத்தக்கது. உல்லாசப் படகிலே இக்கருவி இருந்தேயாக வேண்டுமென்பது அங்கே பொதுவாகக் கட்டாயமன்று. ஆனால் இருக்குமாயின், படகு செல்லும்போது 16-ஐக் கேட்டிருத்தல் வேண்டும் என்பது விதி. வாங்குவது உன் விருப்பம். வாங்கிய பின் கேட்பது உன் கடன் என்பதே அதன் உட்பொருள். செவியொன்று பெற்றவன் ஊரார்க்குச் செவியாகிவிடுகிறான்.

நான்காவது, "எனக்கு வேண்டும்போது திறந்துகொள்வேன்" என்பது. இதற்கு விடை கூற வேண்டியதில்லை. எல்லோரும் அவ்வாறே எண்ணினால், அவன் திறக்கும்போது கேட்பார் எவர்?

இயலாதனவும் உண்டு

இக்கருவியைச் சர்வரோக நிவாரணி என்று கூறேன். இதன் அலை நேர்கோட்டிற் செல்லும் இயல்புடையது. சிறு படகுக்கும் சிறு படகுக்கும் இடையே சில மைல், உயர்ந்த கோபுரமுள்ள கரை நிலையத்தோடு அதனினும் கூடிய தூரம், அவ்வளவே. மலை மறைத்தால் நின்றுவிடும். நம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில், மடிப்பு மடிப்பான மலைகளுக்கிடையே, கேட்பதற்கு நிலையமும் இன்றி, அதனாற் பயன் சிறிதே. கண்டி வாவியிலோ கரையிலிருந்து உரத்துக் கூப்பிட்டாற் போதும். இடமறிந்தே கருவியைக் கொள்க.

அப்பால், ஆழ்கடலுக்கு இச்செவி எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் பல நாள் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தனர். எச்சரிக்கை கரையில் ஒலித்தது. அவர்கள் இருந்த தொலைவுக்கு அது எட்டவில்லை. மாண்டோரும் மீளாதோரும் பலர். நம் நாட்டிலும் 2013 ஜூன் மாதத்தில் மேற்கு, தெற்குக் கடல்களில் திடீரென எழுந்த புயல் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவரைக் கொண்டது. உரிய வேளையில் எச்சரிக்கை கிட்டவில்லை என்ற குறை அப்பொழுது எழுந்தது. இவை கேளாதவர் குற்றமல்ல, கேட்பிக்காதவர் குறை. கேட்க விரும்பியும் குரல் எட்டாமல் மாண்டவர் இருக்க, எட்டும் குரலை நாம் விரலால் அணைப்பது எங்ஙனம் தகும்?

அழைக்கும் முறையையும் படகேறுவோர் அறிந்திருத்தல் நன்று. உயிருக்கு ஆபத்தாயின் 16-ஆம் அலைவரிசையில் "மேடே" என்று மும்முறை கூறுக. "எனக்கு உதவுங்கள்" என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்த சொல் அது. பின்னர் படகின் பெயரை மும்முறையும், நிற்கும் இடத்தையும், நேர்ந்த ஆபத்தையும், படகிலுள்ளோர் தொகையையும் சொல்லுக. பின்பு பொத்தானை விடுக. விட்டாலன்றி விடை கேளாது. பிறர் அவ்வாறு அழைக்கக் கேட்டால் உடனே எழுதிக்கொள்ளுக. கரை விடையளிக்கச் சிறிது இடங்கொடுத்து, எவரும் விடையளிக்காவிடின் நீரே விடையளித்து, அச்செய்தியைக் கரைக்கு எட்டச் செய்க. கொழும்பிலே நம் கடற்படையினர் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்தை நடத்துகின்றனர். அவர்கள் செவிக்கு எட்டாத மெல்லிய குரலும் உம் செவிக்கு எட்டலாம்.

அசரீரி

மணிமேகலைக் காப்பியத்திலே ஆதிரை என்பாள் ஒருத்தி வருகின்றாள். அவள் கணவன் சாதுவன் கலமேறிச் சென்று, கலம் உடைய, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையிற் சேர்ந்தான். தப்பி வந்த பிறர் அவன் இறந்தானென்றே ஊரிற் கூறினர். ஆதிரை தீ மூட்டி அதனுட் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. அப்பொழுது வானிலே அசரீரி ஒன்று எழுந்து, அவன் உயிரோடிருக்கிறான், சந்திரதத்தன் கலத்தில் மீள்வான் என்று உரைத்தது.

உடலில்லாத குரல், வானிலிருந்து வருவது, கடலிற் போனவனைப் பற்றிக் கரையிலிருப்பவளுக்குச் சொல்லுவது. புலவர் தெய்வத்தின்பால் வைத்த அச்செயலை இன்று ஒரு சிறு பெட்டி செய்கின்றது. தெய்வத்தின் குரலுக்குக் கேட்பார் திறக்க வேண்டிய பொத்தான் இல்லை. இதற்கு உண்டு. அவ்வளவே வேற்றுமை. துறையருகே தேநீர்க்கடையிற் கண்ட அம்மூதாட்டியை நினைக்குந்தோறும், அவர் வீட்டிலே அன்று மாலை விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்திருந்தவர் எவரோ என்று என் மனம் எண்ணும்.

மாணவர் கேட்ட இரண்டு வரியை எழுதி முடிக்க எனக்கு ஆறு நாள் சென்றன. முதலில் எழுதியதில் எதுகையும் மோனையும் இருந்தன, கிழித்துவிட்டேன். இறுதியில் எழுதிக் கொடுத்தது இது:

"இப்படகின் வானொலி ஓயாது கேட்டுக்கொண்டிருக்கும். பொறுத்தருளுக, யாரோ ஒருவர் நம்மைக் கூப்பிடக்கூடும்."

அவர் வாசித்துப் பார்த்தார். "கீழே ஐயாவின் பெயரைப் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பிறகு, பல ஆண்டுகளாக அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன்: "தம்பி, அன்று அந்தத் தகப்பனிடம் உம்மைத் தலைகுனிய வைத்தவன் நான்." அவர் சிரித்துவிட்டு, "ஐயா, பதிகம் நன்றாயிருந்தது" என்றார். வாவியின் மறுகரையிலே மேளவொலி அடங்கியிருந்தது. நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.